அம்பர் அலமாரியைப் படிக்க வேண்டும்

வணக்கம் நேயர்களே. இன்றைக்கு ஒரு சின்ன அலமாரியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். மேசைமேல் வைக்கிற அளவுதான் இருக்கும். முன்னால் இரண்டு கதவு, திறந்தால் உள்ளே வரிசையாகக் குட்டி இழுப்பறைகள், நடுவில் பொம்மை வைக்கிற மாதிரி ஒரு மாடம். ஆனால் மேலே எங்கேயும் மரம் கண்ணில் படாது, முழுக்க அம்பர், அதாவது இறுகிப்போன பழங்கால மரப்பிசின். தேன் நிறத்தில் ஒரு துண்டு, பக்கத்தில் வெண்ணெய் நிறத்தில் ஒன்று, அதற்கடுத்து கருஞ்சிவப்பாக இன்னொன்று என்று இடைவெளியே இல்லாமல் பதித்திருப்பார்கள். 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பால்டிக் கடலோரத்து டான்சிக் நகரத்தில், அதாவது இன்றைய போலந்தின் கதான்ஸ்க்கில், இப்படிப்பட்ட அலமாரிகளையும் பேழைகளையும் செய்தார்கள். கிழக்கே கோனிக்ஸ்பெர்க்கிலும் செய்தார்கள், அது இன்றைக்கு ரஷ்யாவின் கலினின்கிராட்.

அருங்காட்சியகத்தில் இதைப் பார்க்கிறவர்கள் "அடேயப்பா, என்ன விலை இருக்கும்" என்று கேட்டுவிட்டு அடுத்த கண்ணாடிப் பெட்டிக்குப் போய்விடுகிறார்கள். எனக்கு அது பெரிய வருத்தம். இது பார்த்துவிட்டு நகர்வதற்காகச் செய்த பொருள் இல்லை, உட்கார்ந்து படிப்பதற்காகச் செய்தது. இழுப்பறைகளின் முகப்பில், கதவுகளில், பக்கச் சுவர்களில் எல்லாம் சின்னச் சின்னப் படங்கள் இருக்கின்றன, ஒவ்வொரு படத்தோடும் நாலைந்து சொல் இருக்கிறது. அந்தப் படங்களைப் பற்றித்தான் பேசப்போகிறேன், ஆனால் அதற்கு முன்னால் இந்தப் பொருளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் படம் ஏன் அப்படி இருக்கிறது என்பது புரியாது.

அம்பர் கல் இல்லை. சுமார் 4 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் ஊசியிலை மரங்களிலிருந்து வடிந்த பிசின், மண்ணுக்குள் கிடந்து இறுகிப்போனது. விரல் நகத்தைவிடச் சற்றுத்தான் கடினம். நல்ல உப்புக் கரைசலில் போட்டால் மிதக்கும், அதனால்தான் புயல் அடித்து ஓய்ந்ததும் கடற்பாசியோடு சேர்ந்து கரை ஒதுங்கும். கோனிக்ஸ்பெர்க்கை ஒட்டிய சாம்லாந்து கரையில் ஆட்கள் குளிர்ந்த அலைக்குள் இறங்கி நீளக் கம்பு கட்டிய வலையால் அதை அள்ளினார்கள். அள்ளினவர்களுக்கு அது சொந்தமில்லை என்பதுதான் கொடுமை. அந்தக் கரையை ஆண்ட டியூட்டானிக் என்ற ஜெர்மன் கிறிஸ்தவ வீரத்துறவிகளும், அவர்களுக்குப் பின் வந்த பிரஷ்ய ஆட்சியாளர்களும் அம்பர் முழுவதும் தங்களுடையது என்று சட்டம் வைத்திருந்தார்கள். ஒளித்து வைத்தவர்களைத் தூக்கில் போட்டதும் உண்டு. கரையோரத்து ஜனங்கள் ஒரு துண்டுகூட எடுக்க மாட்டோம் என்று சத்தியம் செய்து கொடுக்க வேண்டியிருந்தது, கூலியாக உப்பு கிடைத்தது. அந்த மினுமினுப்பைப் பார்க்கும்போது இதையும் நினைக்கத்தான் வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

முதலில் இந்த அம்பர் பெரும்பாலும் ஜெபமாலை மணியாகத்தான் போனது. 1525இல் பிரஷ்ய ஆட்சியாளர் ஆல்பிரெக்ட், கத்தோலிக்கச் சபையை எதிர்த்த லூத்தரின் பக்கம் சாய்ந்ததும் அந்தப் பகுதியில் ஜெபமாலைக்கான மவுசு குறைந்தது. சிலுவை, கிண்ணம், சதுரங்கப் பலகை, பேழை என்று கைவினை வேறு பக்கம் திரும்பியது. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோனிக்ஸ்பெர்க்கில் கியோர்க் ஷ்ரைபர் என்ற கலைஞர் செய்த விளையாட்டுப் பலகைகளிலேயே கண்ணாடி மாதிரித் தெளிந்த அம்பருக்கு அடியில் படமும் வாசகமும் வைக்கும் வழக்கம் நன்றாக வளர்ந்துவிட்டது.

இப்போது அந்த அம்பரைத் தகடாக்கிப் படம் கீறும் வேலைக்கு வருவோம். பெரிய அம்பர் கட்டி கிடைப்பது அபூர்வம், கிடைப்பதெல்லாம் பெரும்பாலும் சின்னச் சின்னக் கட்டிகள்தான். அவற்றை மெல்லிசாக அறுத்து, இழைத்து, மரத்தில் செய்த அலமாரியின் மேல் பசை வைத்து ஒட்டினால்தான் இவ்வளவு பெரிய சாமான் செய்ய முடியும். மங்கலான அம்பரை எண்ணெயில் போட்டு மிக மெதுவாகச் சூடேற்றினால் உள்ளே இருக்கும் நுண்குமிழிகள் மறைந்து தெளியும், அவசரப்பட்டால் வெடித்துவிடும். அப்படித் தெளிந்த தகட்டை எடுத்து அதன் அடிப்பக்கத்தில், ஆமாம், நமக்குத் தெரியாத பக்கத்தில், கூர்மையான கருவியால் படத்தைக் கீறுகிறார்கள். பின்னால் தங்கத்தாள் வைத்து ஒட்டுகிறார்கள். நம் ஊர் ஆசாரிகள் கெம்புக் கல்லுக்கு அடியில் ரேக்கு வைத்துப் பதிப்பார்களே, அதே வேலைதான். வெளிச்சம் உள்ளே போய்த் தங்கத்தில் பட்டுத் திரும்பும்போது கோடுகள் தேனுக்குள் மிதக்கிற மாதிரி எழும்பும். இதில் என்னை அசர வைப்பது எழுத்துகள்தான். அடிப்பக்கத்தில் கீறுவதால் ஒவ்வொரு எழுத்தையும் இடம் வலம் மாற்றித் தலைகீழ் வரிசையில் கீற வேண்டும், அதுவும் லத்தீனிலும் பிரெஞ்சிலும், கட்டைவிரல் அகலத்துக்குள்!

அடுத்து படங்களுக்கு வருவோம். 1531இல் ஆக்ஸ்பர்க் நகரத்தில் ஆந்த்ரேயா அல்சியாத்தோ என்ற இத்தாலிய வழக்கறிஞரின் நூல் ஒன்று அச்சானது. ஒரு தலைவாசகம், அதற்குக் கீழே ஒரு படம், அதற்குக் கீழே படத்தை விளக்கும் சின்னச் செய்யுள். இந்த மூன்றும் சேர்ந்ததுதான் எம்பிளம், சின்னப்படம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நூல் திரும்பத் திரும்ப அச்சாகி, அதைப் பார்த்து வேறு பலரும் எழுதி, 17ஆம் நூற்றாண்டில் ஐரோப்பா முழுக்க இந்தப் பைத்தியம் பிடித்திருந்தது. அல்சியாத்தோவின் படங்களில் சில இதோ. பார்வையற்ற ஒருவர் நடக்க முடியாத ஒருவரைத் தோளில் சுமக்கிறார், இவருக்கு அவர் கண், அவருக்கு இவர் கால். பட்டுப்போன மரத்தை ஒரு திராட்சைக்கொடி விடாமல் சுற்றிக்கொண்டிருக்கிறது, இறந்த பிறகும் விட்டுப் போகாத நட்பு அது. ஒரு போர்வீரனின் தலைக்கவசத்துக்குள் தேனீக்கள் கூடு கட்டியிருக்கின்றன. சண்டை ஓய்ந்துவிட்டது, இரத்தம் தோய்ந்த இடத்தில் இப்போது தேன் இருக்கிறது. அல்சியாத்தோ நூலில் எனக்குப் பிடித்த படம் இதுதான். அவர்களைச் சீரழித்த முப்பதாண்டுப் போர் 1648இல் முடிந்து ஒரு தலைமுறைதான் ஆகியிருந்த ஜெர்மன் நாடுகளில் இந்தப் படத்தைப் பார்த்தவர்களுக்கு விளக்கவுரை தேவைப்பட்டிருக்காது.

இப்படிப்பட்ட படங்களைத்தான் அலமாரிகளில் கீறினார்கள். புத்தகத்தில் மூன்றும் இருக்கும். அம்பர் தகட்டில் செய்யுளுக்கு இடம் கிடையாது, படமும் வாசகமும் மட்டும்தான். அதனால் விட்டுப்போன செய்யுளை அலமாரியின் சொந்தக்காரரோ விருந்தாளியோ நினைவிலிருந்து சொல்ல வேண்டும், அல்லது அர்த்தத்தை யூகிக்க வேண்டும். ஒருத்தர் ஒன்று சொல்ல, இன்னொருத்தர் இல்லை என்று மறுக்க, இழுப்பறையை இழுத்துப் பார்த்து அடுத்த படத்துக்குப் போவார்கள். உள்ளே கடிதமோ நாணயமோ சிப்பியோ இருக்கும். பேசுவதற்கு ஒரு சாமான், அவ்வளவு அழகான எண்ணம் இது.

இன்னொரு சங்கதி. கிரேக்கக் கதையில் ஃபேத்தான் என்ற பையன் சூரியனின் தேரை ஓட்டுகிறேன் என்று அடம்பிடித்து, குதிரைகளை அடக்க முடியாமல் விழுந்து சாகிறான். அவனுடைய சகோதரிகள் அழுது அழுது மரமாகிவிடுகிறார்கள், அந்த மரங்கள் வடித்த கண்ணீர்தான் அம்பர் என்று பழைய ரோமானியக் கவிஞர் ஓவிட் பாடியிருக்கிறார். அதே ஃபேத்தான் அல்சியாத்தோவின் நூலிலும் வருகிறான், தகுதிக்கு மீறித் துணிகிறவர்களுக்கு எச்சரிக்கையாக. அந்தப் படத்தை அம்பரில் கீறினால் கதையும் பொருளும் ஒன்றாகிவிடும். படித்தவர்கள் வீட்டில் இது யார் கண்ணுக்கும் தப்பாது.

மன்னர்கள் இதைப் பரிசாக அனுப்பியதைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள், அதனால் நான் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிரஷ்யாவுக்கு வைரச் சுரங்கம் கிடையாது, அம்பர் இருந்தது. 1716இல் ரஷ்ய மன்னர் மகா பீட்டருக்கு ஓர் அறைக்கான அம்பர் பலகைகளே போயின. 1728இல் ஜெர்மனியின் டிரெஸ்டனில் இருந்த ஆகஸ்டஸ் மன்னருக்கு கோனிக்ஸ்பெர்க்கில் செய்த பெரிய அம்பர் அலமாரி போனது. அது இன்றும் கிரீன் வால்ட் என்று சுற்றுலாக்காரர்கள் சொல்கிற கருவூல அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பீட்டரின் அறையை 1941இல் ஜெர்மன் படைகள் கழற்றி கோனிக்ஸ்பெர்க்குக்குக் கொண்டுபோனதும், 1945க்குப் பிறகு அது காணாமல் போனதும் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். புதையல் தேடுகிறவர்கள் இன்றைக்கும் அதன் பின்னாலேயே அலைகிறார்கள். ஆனால் கண்முன்னாலேயே, பாதுகாப்பாக வைத்த இடத்திலேயே மெல்ல மறைந்துகொண்டிருக்கும் இந்தச் சின்ன அலமாரிகளைப் பற்றி யாரும் அவ்வளவாகக் கவலைப்படுவதில்லை.

மறைந்துகொண்டிருக்கும் என்று சும்மா சொல்லவில்லை. அம்பர் காற்றிலும் வெளிச்சத்திலும் ஆக்சிஜனோடு சேர்ந்து கருத்துக்கொண்டே போகும். செய்தபோது எலுமிச்சை நிறத்தில் இருந்தது இன்றைக்குச் செம்பழுப்பு. மேற்பரப்பில் மயிரிழை வெடிப்புகள் வலைபோலப் படர்கின்றன, அந்த வலைக்கு அடியில் இருக்கும் கோடுகள் வருஷத்துக்கு வருஷம் மங்குகின்றன. உள்ளே இருக்கிற மரம் ஈரத்துக்கு உப்பி, வறட்சிக்குச் சுருங்குகிறது, மேலே ஒட்டிய அம்பர் அதற்கு ஈடுகொடுக்காது, பசை விடுகிறது, தகடு விழுகிறது. விழுந்த தகட்டை யாராவது தோன்றின இடத்தில் ஒட்டிவிட்டால் படங்களின் வரிசையே போய்விடும். அருங்காட்சியகங்கள் விளக்கைக் குறைத்து, ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்தி, கதவை மூடிவைத்துக் காப்பாற்றுகின்றன. அது சரிதான், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மூடிவைத்த அலமாரியின் இழுப்பறைப் படங்களை நாம் எப்படிப் படிப்பது? அதனால் நான் கேட்பது இதுதான். ஒவ்வொரு தகட்டையும், பின்னாலிருந்து முடியாவிட்டாலும் பக்கவாட்டு வெளிச்சத்திலாவது தனித்தனியாகப் படமெடுத்து, வாசகத்தை எழுத்துப் பிசகாமல் பதிந்து, எந்த நூலின் எந்தப் படத்திலிருந்து வந்தது என்ற குறிப்போடு எல்லோரும் பார்க்கும்படி இணையத்தில் போட வேண்டும். முழு அலமாரியின் ஒரே ஒரு பளபளப்பான புகைப்படம் போதாது. வெடிப்பு இன்னும் பரவுவதற்குள், இப்போதே செய்ய வேண்டும்.

உங்களில் யாராவது டிரெஸ்டனுக்கோ, போலந்தின் மால்போர்க் கோட்டைக்கோ, கதான்ஸ்க்கின் அம்பர் அருங்காட்சியகத்துக்கோ போனால், கண்ணாடிப் பெட்டிக்கு நேரே நிற்காமல் கொஞ்சம் குனிந்து பக்கவாட்டில் நின்று பாருங்கள். ஃபிளாஷ் போடாதீர்கள். கண் பழக ஒரு நிமிஷம் ஆகும், அப்புறம் முதலில் எழுத்துதான் தெரியும்.