கமலா ஹாரிஸ் "குடும்பம்"னு சொன்ன அந்தச் சங்கம் எது? – சந்தேகங்களுக்கு விளக்கம்

அடுத்த கேள்வி. தஞ்சாவூர் பக்கத்துலேருந்து ஒரு தங்கச்சி அனுப்பியிருக்காங்க. அப்படியே படிக்கிறேன். "அண்ணா, 2020ல கமலா ஹாரிஸ் துணை அதிபர் வேட்பாளரா பேசினப்ப 'சித்தி'ன்னு சொன்னாங்கன்னு நம்ம ஊரே கொண்டாடுச்சு. அதே பேச்சுல ஆல்ஃபா கப்பா ஆல்ஃபாவும் என் குடும்பம்னு சொல்றாங்க. தேடிப் பார்த்தா காலேஜ் பொண்ணுங்க சங்கம்னு வருது. காலேஜ் சங்கத்தைப் போய் யாராவது குடும்பம்னு சொல்வாங்களா? அதுலேருந்து எப்படி இவ்வளவு பெரிய ஆளுங்க வந்தாங்க?"

ரொம்ப நல்லா கவனிச்சிருக்கம்மா. நாம எல்லாரும் சித்தியைப் பிடிச்சுக்கிட்டோம், ரெண்டு வரி தள்ளி வந்ததை விட்டுட்டோம்.

அமெரிக்க காலேஜ்ல பெண்கள் சேர்ந்து நடத்துற சங்கத்துக்கு சொராரிட்டின்னு பேரு. கிரேக்க எழுத்துல பேரு வைப்பாங்க. 1908 ஜனவரி 15, வாஷிங்டன்ல ஹோவர்ட் பல்கலைக்கழகம். எத்தல் ஹெட்ஜ்மன்னு ஒரு மாணவி, கூட இன்னும் எட்டு பேரு. கறுப்பினப் பெண்கள் தொடங்கின முதல் சொராரிட்டி, நீங்க கேட்ட ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா அதுதான். அந்த வருஷத்தை ஒரு நிமிஷம் யோசிச்சுப் பாருங்க. அடிமைமுறை ஒழிஞ்சு 43 வருஷம்தான் ஆகுது. பெண்களுக்கு நாடு முழுக்க ஓட்டு வர இன்னும் 12 வருஷம் இருக்கு. தென் மாநிலங்கள்ல ரயில் பெட்டி தனி, பள்ளிக்கூடம் தனி.

காலேஜ் வாசலை மிதிச்ச கறுப்பினப் பெண்களே கொஞ்சம் பேருதான். அந்தக் கொஞ்சம் பேர்ல நிறைய பேரு இந்த மாதிரி சங்கத்துல இருந்தாங்க. அதனால சங்கம் அவங்களைப் பெரிய ஆளாக்குச்சுன்னு நான் சொல்ல மாட்டேன். அது அவங்கவங்க உழைப்பு. சங்கம் செஞ்சது வேற. படிப்பு முடிஞ்சதும் கலைஞ்சு போக விடல. டிகிரி வாங்கினப்புறம் எந்த ஊருக்கு வேலைக்குப் போறாங்களோ அங்க இருக்கிற கிளையில சேர்ந்துக்கறாங்க. சாகுற வரைக்கும் உறுப்பினர். எழுபது வயசு அம்மாவும் இருபது வயசுப் பொண்ணும் ஒரே கூட்டத்துல உக்காருவாங்க. குடும்பம்னு சொல்றது அதனாலதான்.

இதுக்கு ஒரு சம்பவம் சொல்றேன், எனக்கு ரொம்பப் பிடிச்சது. ஐடா ஜாக்சன்னு ஒரு டீச்சர். பிறந்தது மிசிசிப்பி மாநிலம். கலிபோர்னியாவுல ஓக்லண்ட் நகரத்துப் பள்ளிகள்ல வேலை கிடைச்ச முதல் கறுப்பின ஆசிரியை. கமலா ஹாரிஸ் பிறந்த ஊரும் அதே ஓக்லண்ட்தான். ஐடா ஜாக்சன் இந்தச் சங்கத்துத் தலைவி ஆனதும், நம்ம ஊர் ஜனங்களுக்கு ஏதாவது செய்யணும்னு நினைக்கிறாங்க. 1935 கோடையில டாக்டர் டோரதி ஃபெரிபி தலைமையில ஒரு குழு மருத்துவ முகாம் நடத்த மிசிசிப்பிக்குக் கிளம்புது. ஃபெரிபி டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்துல மருத்துவம் படிச்சவங்க. ஆனா பயிற்சி டாக்டரா வெள்ளைக்காரங்க ஆஸ்பத்திரியில சேர்த்துக்கல. அதனால வாஷிங்டன்ல கறுப்பின மக்களுக்கான ஃப்ரீட்மென்ஸ் ஆஸ்பத்திரிக்கு வந்தவங்க.

இவங்க குழுவுக்கு ரயில் டிக்கெட் தர மாட்டேன்னுட்டாங்க. சரின்னு சொந்தக் கார்லயே போயிட்டாங்க. அங்க போனா பருத்திக் காட்டு முதலாளிங்க, விளைச்சல்ல பங்குக்கு உழுற குடும்பங்களை முகாமுக்கு அனுப்ப மாட்டேங்கிறாங்க. வேலை கெட்டுப் போகுமாம். ஜனங்க வர முடியலேன்னா நாம போவோம்னு கார்லயே மருந்தையும் ஊசியையும் ஏத்திக்கிட்டு தோட்டம் தோட்டமா போறாங்க. துப்பாக்கி வச்சிருக்கிற கங்காணிங்க குதிரையில நின்னு பார்த்துக்கிட்டே இருக்காங்க. இவங்க பாட்டுக்கு குழந்தை கையைப் பிடிச்சு ஊசி போடுறாங்க. பெரியம்மைக்கு ஒண்ணு, டிப்தீரியாங்கிற தொண்டை அடைப்பானுக்கு ஒண்ணு. 1942 வரைக்கும் ஒவ்வொரு கோடையும் போயிருக்காங்க. 15,000க்கும் மேல குழந்தைங்களுக்குத் தடுப்பூசி. அரசாங்கம் செய்ய வேண்டிய வேலைம்மா அது. டீச்சர்களும் நர்ஸுகளும் லீவு நாள்ல செஞ்சாங்க. இதை எப்போ படிச்சாலும் எனக்குத் தொண்டை அடைக்குது.

சங்கத்துல இருந்த பெரிய ஆளுங்க பேருன்னு கேட்டா, நாசாவுல கணக்குப் போட்ட கேத்ரின் ஜான்சனை உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். 18 வயசுலயே பட்டம் வாங்கினவங்க. 1962ல விண்வெளி வீரர் ஜான் க்ளென் பூமியைச் சுத்தக் கிளம்புறதுக்கு முன்னாடி, கம்ப்யூட்டர் போட்ட கணக்கை அந்தப் பொண்ணு சரிபார்க்கட்டும்னு சொன்னாரே, அவங்கதான். டென்னிஸ்ல ஆல்தியா கிப்ஸன், 1957லயும் 58லயும் விம்பிள்டன் சாம்பியன். கமலா ஹாரிஸ் 1986ல ஹோவர்ட்ல படிச்சப்ப சேர்ந்தாங்க.

பஸ்ல சீட்டை விட்டு எழுந்திருக்க மாட்டேன்னு சொன்ன ரோசா பார்க்ஸ் காலேஜ் பட்டமே வாங்கலையே, சங்கத்து உறுப்பினர் பட்டியல்ல எப்படின்னு இன்னொருத்தர் கேட்டிருந்தீங்க. அவங்க கௌரவ உறுப்பினர். பாடகி எலா ஃபிட்ஸ்ஜெரால்டும் அப்படித்தான். அமெரிக்க நாடாளுமன்றத்துக்குத் தேர்வான முதல் கறுப்பினப் பெண் ஷெர்லி சிஷம் இதுல இல்ல. அவங்க டெல்டா சிக்மா தீட்டாங்கிற இன்னொரு சொராரிட்டி. 1913ல இதே சங்கத்துலேருந்து 22 பேரு பிரிஞ்சு போய்த் தொடங்கினது அது. அதே வருஷம் மார்ச் 3ஆம் தேதி வாஷிங்டன்ல ஓட்டுரிமை ஊர்வலத்துல போய் நின்னாங்க. அதுக்குத் தனி வீடியோவே போடலாம்.

அப்புறம் அந்த முத்து மாலை. கமலா ஹாரிஸ் கழுத்துல அடிக்கடி பார்த்திருப்பீங்க. அது அழகுக்கு மட்டும் போடுறதில்ல. சங்கத்துக் கணக்குல 20 முத்து. முதல்ல தொடங்கின 9 பேரு, அடுத்து சேர்ந்த 7 பேரு, 1913ல சங்கத்தை சட்டப்படி பதிவு பண்ணி நிலைக்க வச்ச 4 பேரு. ஆளுக்கு ஒரு முத்து.