முதல் உறைபனி வந்தாச்சு: ஹோஸைக் கழட்டுங்க, மூடாக்கைத் தொடாதீங்க!

வணக்கம் வணக்கம்! கேமராவைக் கிட்டக் கொண்டுபோறேன், பாருங்க. டாலியா இலை மொத்தமும் கறுத்துத் தொங்குது. நேத்து ராத்திரி முதல் உறைபனி! நம்ம வீடியோவை ரெகுலரா பாக்குறவங்களுக்குத் தெரியும், இந்தக் கறுப்புக்காக நான் எவ்வளவு ஆசையா காத்திருப்பேன்னு.

ஆனா ஒரு விஷயம் எரிச்சலா இருக்கு. "பனி வந்தாச்சு, உடனே மூடாக்கு போட்டு, அதாவது செடியடி மண்ணை வைக்கோல், காஞ்ச இலையால, எல்லாத்தையும் மூடுங்க"ன்னு எங்க பாத்தாலும் சொல்றாங்க. தயவுசெஞ்சு மூடாதீங்க! மண் பகல்ல இளகி ராத்திரி உறையும்போது உப்பி உப்பி அடங்கும். அதுதான் ஸ்ட்ராபெரி மாதிரி மேலாக வேர் விட்ட செடியை மண்ணை விட்டே தூக்கிடும். மூடாக்கு போடுறதே உறைஞ்ச மண் உறைஞ்சபடியே இருக்கத்தான். இப்பவே போட்டா உள்ள சூடு தங்கும், செடி உறக்கத்துக்குப் போகாது, தண்டடி அழுகும், எலி வந்து குடியேறும். மேல் மண் ரெண்டு மூணு சென்டிமீட்டர் கெட்டியாகி, விரலால குத்த முடியலையா? அப்பப் போடுங்க. வைக்கோல்னா 10 சென்டிமீட்டர் கனம். காஞ்ச இலைன்னா புல்வெட்டியை மேல ஓட்டி நறுக்கிக்குங்க, முழு இலை நனைஞ்சா அட்டை மாதிரி படிஞ்சு மூச்சை அடைச்சிடும். மரத்தடியில கோபுரம் மாதிரி குவிக்கிறாங்களே, அதைப் பாத்தாலே எனக்கு ஆகாது! தண்டைச் சுத்தி நாலு விரக்கடை இடம் விடுங்க.

இன்னைக்கே செய்ய வேண்டியது வெளிக்குழாய். "எங்க வீட்ல உறையாத குழாய்தான், கவலையில்லை"ன்னு நினைக்கிறவங்க நல்லா கேளுங்க. அந்தக் குழாயோட வால்வு தண்ணி வர்ற வாய்கிட்ட இல்லை, சுவருக்கு உள்ள, 20, 30 சென்டிமீட்டர் தள்ளி, சூடான பக்கத்துல இருக்கு. மூடினதும் நடுவுல நிக்கிற தண்ணி வெளிய வடிஞ்சிடணும், அதை நம்பித்தான் அப்படிச் செஞ்சிருக்காங்க. ஹோஸை மாட்டியே விட்டா எப்படி வடியும்? தண்ணி உறையும்போது சுமார் 9 சதவீதம் பெருகும். குழாய் வெடிக்கிறது சுவருக்குள்ள, அதனால குளிர்காலம் முழுக்கத் தெரியவே தெரியாது. வசந்தத்துல குழாயைத் திறக்கிற அன்னைக்குத்தான் சுவருக்குள்ள தண்ணி கொட்டும்! ஹோஸைக் கழட்டிட்டு ரெண்டு வாய் ஸ்ப்ளிட்டரையும் க்விக் கனெக்டரையும் அப்படியே விடுறாங்க, அதுவும் தண்ணியைப் பிடிச்சு வைக்கும். எல்லாத்தையும் கழட்டுங்க.

சாதாரணக் குழாய்னா வீட்டுக்குள்ள இருக்கிற வால்வை மூடுங்க, வெளிக்குழாயைத் திறங்க, உள் வால்வோட பக்கவாட்டுல ஒரு குட்டி மூடி இருக்கும், கீழ பக்கெட் வச்சு அதைத் திருகி மிச்சத் தண்ணியை வடிங்க. மூடியைத் திரும்ப மாட்டுங்க, வெளிக்குழாய் திறந்தே கிடக்கட்டும்.

அப்புறம் டாலியா. இலை கறுத்தாச்சுல்ல, இனி கிழங்கைத் தோண்டி எடுத்து வைக்கலாம். தண்டை ஒரு சாண் அளவு விட்டு வெட்டுங்க, 30 சென்டிமீட்டர் தள்ளி, மண் தோண்டுற பெரிய முள்கரண்டியை இறக்கி நெம்புங்க. ஐயோ, அதுக்கு முன்னாடி ஒண்ணு: ரகத்தோட பேரை எழுதித் தண்டுல கட்டிடுங்க, தோண்டினப்புறம் எல்லாக் கிழங்கும் ஒண்ணு போலத்தான் இருக்கும். ஒரு நாள் நிழல்ல உலர்த்தி, லேசா ஈரமான வெர்மிகுலைட்ல (ஈரம் பிடிச்சு வைக்கிற லேசான தாதுத் துகள்) புதைச்சு, 4லிருந்து 10 டிகிரிக்குள்ள வைங்க. இறுக்கி மூடின பிளாஸ்டிக் டப்பா வேண்டவே வேண்டாம், அழுகிடும். மாசம் ஒரு தடவை பாருங்க: சுருங்கியிருந்தா கொஞ்சம் தண்ணி தெளிங்க, அழுகல் தெரிஞ்சா அந்தத் துண்டை வெட்டி எறிங்க.

ஆ, குழாய்ல ஒண்ணு விட்டுட்டேன்! வசந்தத்துல முதல் தடவை திறக்கும்போது வாயைக் கட்டைவிரலால அழுத்திப் பாருங்க. தண்ணி சுலபமா நின்னுட்டா சந்தேகப்படுங்க, உள்ள வேற வழியா போகுதுன்னு அர்த்தம். உடனே மூடிட்டு பிளம்பரைக் கூப்பிடுங்க.

சரி, முள்கரண்டியை எடுக்கிறேன். முதல்ல அந்த மூலைச் செடி!