சிபான்எம் சொல்வதை நம்பாதீர்கள்

வணக்கம். இன்று தெப்பக்குளம் காணொலி வந்திருக்க வேண்டும். வரவில்லை; பெர்ல் என்ற நிரல்மொழிதான் காரணம். மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் மாமா அனுப்பும் எக்செல் கோப்பிலிருந்து மல்லிகை விலையை எடுத்துத் தரும் என் நிரல் உங்களுக்குப் பழக்கம்தானே? பல பெர்ல் பதிப்புகளை அருகருகே வைத்துக்கொள்ள உதவும் பெர்ல்பிரூவில் 5.36-ஐ விட்டு 5.40-க்கு மாறினேன், நிரல் படுத்துவிட்டது. நாளை முகூர்த்தம் வேறு. மாமா விடுவாரா?

திரையைப் பாருங்கள். எக்செல் கோப்பைப் படிக்கத் தேவையான எக்ஸ்எம்எல் பார்சர் என்ற மாட்யூலின் (பெர்லோடு சேர்த்துக்கொள்ளும் துணை நிரல்) நூலகமும் பெர்லும் பொருந்தவில்லை, ஹேண்ட்ஷேக் சாவி (இரண்டும் பொருந்துகின்றனவா என்று பார்க்கும் அடையாள எண்) வேறு என்று பெர்ல் கத்துகிறது. அதே மாட்யூலை நிறுவச் சொன்னால், மாட்யூல்களை இறக்கி நிறுவும் கருவியான சிபான்எம் என்ன சொல்கிறது? "அப் டு டேட்"! அப் டு டேட்டாம்! ஓடவே ஓடாத ஒன்றுக்கு இப்படி நற்சான்றிதழ் கொடுக்க எப்படித்தான் மனம் வருகிறதோ! அது பார்ப்பது பதிப்பு எண்ணை மட்டும். உள்ளே இருக்கும் சி மொழிப் பகுதி எந்தப் பெர்லுக்காகத் தொகுக்கப்பட்டது (கம்பைல்) என்பது அதற்குக் கவலையே இல்லை. முழுக்கப் பெர்லிலேயே எழுதிய மாட்யூல்கள் தப்பித்துக்கொள்ளும். சி கலந்தவைதான் மாட்டும்.

"ஃபோர்ஸ் போடுங்கள்" என்று எழுதக் கிளம்பியவர்களே, கையை எடுங்கள். அது சோதனையில் தோற்றதையும் நிறுவும், அவ்வளவுதான். ரீஇன்ஸ்டால் போட்டால் 5.40 எழுந்துகொள்ளும், 5.36 படுத்துவிடும். ஏனென்றால் இரண்டும் ஒரே அடைவிலிருந்து (ஃபோல்டர்) மாட்யூல்களை எடுக்கின்றன. இதைப் பெரிய வி போட்டு 'பெர்ல் -வி' என்ற கட்டளை காட்டிக்கொடுத்தது: தேடும் இடங்களின் பட்டியலில் முதலில் நிற்பது வீட்டு அடைவின் பெர்ல்5!

அது, மாட்யூல்களை வீட்டு அடைவில் நிறுவ வைக்கும் லோக்கல்-லிப், டெர்மினல் திறக்கும்போது ஓடும் பேஷ்ஆர்சி கோப்பில் எழுதிவைத்த வரிகளின் வேலை. அவற்றை நீக்கி, புதிய டெர்மினல் திறந்து, எக்செல் மாட்யூலைச் சிபான்எம்மிடம் கேட்டேன். பெர்ல்பிரூ ஒவ்வொரு பெர்லுக்கும் தனி அடைவு தருவதால் எல்லாம் புதிதாகத் தொகுக்கப்பட்டு அதற்குள் போய் உட்கார்ந்தன. மாமாவுக்கு விலைப்பட்டியல் போய்விட்டது!

சொல்ல விட்டுப்போயிற்று: டெர்மினலை மாற்றாமல் நிறுவினால் மறுபடி பழைய அடைவுக்கே போகும். எங்கே நிறுவ வேண்டும் என்று சொல்லும் பெர்ல்_எம்எம்_ஆப்ட் என்ற மாறி அங்கே இன்னும் உயிரோடு இருக்கும். தொகுக்கும்போது எக்ஸ்பாட் (எக்ஸ்எம்எல் பார்சருக்குத் தேவையான சி நூலகம்) இல்லை என்று நின்றால், உபுண்டுவில் லிப்எக்ஸ்பாட்1-டெவ் போடுங்கள். அதற்கும் மசியாவிட்டால் பில்ட் லாகின் (தொகுப்பின்போது நடந்ததைப் பதியும் கோப்பு) கடைசி வரிகளைப் படித்துவிட்டு என்னிடம் வாருங்கள். "வேலை செய்யவில்லை அண்ணா" என்று மட்டும் எழுதினால் பதில் கிடையாது.