வெறும் எட்டு அட்டவணையா?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, எல்லோருக்கும் வணக்கம். 'சீனத்தின் முதல் பெண் வரலாற்றாசிரியர் பான் ஜாவ் பெயர் பெற்றது பிறந்த குடும்பத்தாலா, தன் புலமையாலா?' என்பது தலைப்பு. நான் புலமைக் கட்சி.

எதிரணி அண்ணன் என்ன சொன்னார்? "வரலாற்று நூலை அப்பா பான் பியாவ் தொடங்கினார், அண்ணன் பான் கூ எழுதினார், கடைசியில் தங்கச்சி வந்து எட்டு அட்டவணை போட்டார். அதை என் மருமகள் எக்செல்லில் அரை மணியில் போடுவாள்" என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். முன்வரிசை அத்தைதான் ரொம்பப் பலமாகத் தட்டினார், நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அண்ணே, அந்த நூல் 'ஹான் ஷூ', அதாவது ஹான் அரச மரபின் வரலாறு. 100 அத்தியாயம். இருநூறு ஆண்டுக்கு மேற்பட்ட வரலாறு. பான் கூ கி.பி. 92இல் சிறையிலேயே இறந்துபோனார். நூல் அரைகுறையாகக் கிடந்தது. நாட்டில் புலவர்களுக்கா பஞ்சம்? பேரரசர் ஹே கூப்பிட்டது இந்த அம்மாவை. பதினான்கு வயதில் கல்யாணம், இளம் வயதிலேயே கணவரை இழந்தவர். எந்தப் பிரபுவுக்குப் பின் எந்த மகன், எந்தப் பேரன், எந்த மந்திரி எப்போது பதவிக்கு வந்தான், யாருக்கு எப்போது தலை போயிற்று, எல்லாவற்றையும் அரண்மனை நூலகத்தில் உட்கார்ந்து கட்டம் கட்டமாக அடுக்கினார். மருமகள் தாராளமாகப் போடட்டும். ஆனால் மூங்கில் பட்டையில், தூரிகையால். பிழை வந்தால் 'அன்டூ' கிடையாது, கத்தியால் சுரண்டணும்!

போட்டது மட்டுமா? நூல் வெளிவந்தபோது பலருக்குப் புரியவே இல்லை. மா ரோங் என்று ஒருவர். பின்னாளில் சீனமே கொண்டாடிய உரையாசிரியர். அவர் என்ன செய்தார்? நூலக மாடத்துக்குக் கீழே கவிழ்ந்து கிடந்து அம்மாவிடம் பாடம் கேட்டார்.

இன்னொரு தரம் சொல்கிறேன், கடைசி வரிசைக்குக் கேட்கவில்லை. கவிழ்ந்து கிடந்து! மேலே அம்மா, கீழே ஐயா. மேலே புத்தகம், கீழே மூக்கு. ஆள் லேசுப்பட்டவர் இல்லை. பிற்காலத்தில் அவரே பாடம் நடத்தும்போது உயரமான கூடம், சிவப்புப் பட்டுத் திரை, முன்னால் மாணவர்கள், பின்னால் பெண்களின் இசைக்குழு! பாடத்துக்கே கச்சேரி வைத்த மனிதர். அவர் தரையில்! அண்ணே, உங்கள் மருமகளிடம் எக்செல் கற்க இதுவரை யாராவது திண்ணைக்குக் கீழே கவிழ்ந்து கிடந்திருக்கிறார்களா?

'பெண்களுக்கான பாடங்கள்' எழுதிப் பெண்ணை அடங்கிப் போகச் சொன்னாரே என்று எதிரணி அக்கா கேட்டார். சொன்னார்தான். அதே நூலில், பையனுக்கு மட்டும் படிப்பு, பெண்ணுக்கு ஏன் இல்லை என்றும் கேட்டார். அந்த நூலை மறுத்து அவருடைய நாத்தனாரே எழுதினார். நாத்தனார் விவகாரத்துக்குள் நான் போகமாட்டேன்.

அப்புறம் பான் ஜாவுக்கு இன்னொரு அண்ணன், தளபதி பான் சாவ். மேற்கு எல்லைக்குப் போனவர் முப்பது ஆண்டாக அங்கேயே இருந்தார். வயது எழுபதை நெருங்கியது. உயிரோடு சீனத்தின் மேற்கு வாசலான யூமென் கணவாய்க்குள் நுழைந்தால் போதும் என்று அரசருக்கு எழுதினார். பதில் இல்லை. மூன்றாவது வருடம் தங்கச்சி தூரிகையை எடுத்தார். 'அண்ணன் தலையில் ஒரு கறுப்பு முடி இல்லை. இரண்டு கையும் மரத்துப்போயின. காதும் கண்ணும் மங்கிவிட்டன. தடியூன்றித்தான் நடக்கிறார். அந்தக் காலத்தில் பதினைந்தில் ஆயுதம் எடுத்தவனை அறுபதில் வீட்டுக்கு அனுப்பினார்களே' என்று மனு எழுதினார்.

இதோ, குடும்பம் வந்துவிட்டதே என்று எதிரணி குதிக்கும். குதிக்கட்டும்.

அரசர் மனம் இளகியது. கி.பி. 102, எட்டாம் மாதம் அண்ணன் தலைநகர் லுவோயாங் வந்து சேர்ந்தார். ஒன்பதாம் மாதம் இறந்துவிட்டார். ஒரே ஒரு மாதம், நடுவர் அவர்களே! அந்த ஒரு மாதத்தை அண்ணனுக்கு வாங்கிக் கொடுத்தது தங்கச்சியின் எழுத்து. இதற்கு மேல் எனக்கு வாதம் வரவில்லை. தீர்ப்பை நீங்களே பார்த்துச் சொல்லுங்கள்.