ஒற்றுமைக்குத் தடை நாமேதான்!

நடுவர் அம்மா அவர்களுக்கும், காலை டியூட்டி முடித்து வீட்டுக்குப் போகாமல் நேராக இங்கே வந்திருக்கும் சிஸ்டர்களுக்கும், கடைசி வரிசையில் கண்ணயர்ந்திருக்கும் நைட் டியூட்டி தோழிகளுக்கும் வணக்கம். தூங்குங்கள், தப்பில்லை. நான் முடித்ததும் கைதட்ட மட்டும் எழுந்தால் போதும்.

'செவிலியர் ஒற்றுமைக்குத் தடை நிர்வாகமா, நாமேவா?' என்பது தலைப்பு. நிர்வாகம்தான் என்று எதிரணித் தலைவர் பேசியபோது நானும் கைதட்டினேன், ஏனென்றால் அவர் சொன்னதில் ஒன்றுகூடப் பொய்யில்லை. மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்த போதனா மருத்துவமனையில் 3 நோயாளிக்கு ஒரு செவிலியர், மற்ற மருத்துவமனைகளில் 5 பேருக்கு ஒருவர் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் கணக்கு. நைட்டில் நாற்பது கட்டிலுக்கும், கட்டில் கிடைக்காமல் பாயில் படுத்திருப்பவர்களுக்கும் சேர்த்து ஒரே ஒருத்தி நிற்பது நம் கணக்கு. இதைச் செய்தது நிர்வாகம்தான், சந்தேகமே இல்லை. ஆனால் அம்மா, தலைப்பை இன்னொரு தரம் படித்துப் பாருங்கள். நம் கஷ்டத்துக்கு யார் காரணம் என்று அது கேட்கவில்லை. கஷ்டப்படுகிற நம்மைச் சேர்ந்து நிற்க விடாதது யார் என்றுதான் கேட்கிறது.

நம் டியூட்டி ரூமுக்குள் போய்க் காதைத் தீட்டிக்கொண்டு உட்காருங்கள். "அவ பி.எஸ்சி., நாலு வருஷம் வாய்தான் படிச்சிருக்கு, கைக்கு வேலை வராது." "அது டிப்ளமோ, ஜி.என்.எம்.தானே, அதுக்கு என்ன தெரியும்?" "இவங்க எம்.ஆர்.பி. தேர்வு வாரியம் எடுத்த ஒப்பந்தம், நாங்க பெர்மனன்ட்." துணைச் செவிலியர் படிப்பான ஏ.என்.எம். முடித்த அக்காவைப் பற்றிப் பேசும்போது குரலே இறங்கிவிடும், அவர் செவிலியர் கணக்கிலேயே வராதது போல. இப்படியெல்லாம் பேசச் சொல்லி எந்த நிர்வாகம் சர்க்குலர் போட்டது?

என் கதையையே சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம், ஒரு தனியார் மருத்துவமனை. ஆறு மணிக்குக் கொடுக்க வேண்டிய ஆன்டிபயாடிக்கை மறந்துபோய் எட்டு மணிக்குக் கொடுத்தேன். பயந்துகொண்டே நானே போய் இன்சார்ஜ் சிஸ்டரிடம் சொன்னேன். நோயாளியின் மாமியார், கொழுந்தனார், டீ கொண்டுவந்த பையன் வரை எல்லாரும் நிற்க, "உனக்கெல்லாம் யாருடி சர்டிபிகேட் குடுத்தது?" என்று கேட்டார். அன்றைக்கு நான் கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்று: தப்பு நடந்தால் வெளியே சொல்லக் கூடாது. அடுத்த முறை மருந்து தாமதமானபோது சார்ட்டில் ஆறு மணி என்றே எழுதிவிட்டேன். மைக்கில் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. அந்த நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை, அது என் சாமர்த்தியம் இல்லை, அவருடைய அதிர்ஷ்டம். அப்புறம் வருடங்கள் ஓடி நானும் சீனியர் ஆனேன், ஒருநாள் ஒரு சின்னப் பெண்ணிடம் அதே கேள்வியை, அதே குரலில், நான் கேட்டேன். ஆள் பற்றாக்குறையில் எரிச்சல் வரத்தான் செய்யும், எதிரணிக்கு அதில் ஒரு மதிப்பெண் கொடுத்துவிடுங்கள். ஆனால் அந்த எரிச்சலை மேலே காட்ட தைரியம் இல்லாமல் கீழே காட்டியது நான்தானே?

இன்னொன்று. தேர்வு எழுதி, மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் தமிழக அரசு வேலைக்கு வந்த ஒப்பந்தச் செவிலியர்கள், இரண்டு வருடத்தில் நிரந்தரம் என்ற பேச்சு என்ன ஆயிற்று என்று கேட்டு, 2017 நவம்பர் கடைசியில் சென்னையில் மருத்துவத் துறை இயக்குநரகம் இருக்கும் டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்தார்கள். உயர் நீதிமன்றம் தலையிட்டது, வேலைக்குத் திரும்பினார்கள். அடுத்த வருடம் சம்பளம் 14,000 ஆனது, நிரந்தரம் ஆகவில்லை. நான் அப்போது அரசு மருத்துவமனையில் நிரந்தரம். ஒரே வார்டு, ஒரே இன்ஜெக்‌ஷன் ட்ரே, அவர்கள் குத்தினாலும் நான் குத்தினாலும் நோயாளிக்கு ஒரே வலி. நான் என்ன செய்தேன்? டிவியில் பார்த்தேன். "பாவம்" என்றேன். அப்புறம் சீரியலுக்கு மாற்றினேன். அன்றைக்கு ரிமோட் என் கையில் இருந்தது, நிர்வாகத்தின் கையில் இல்லை.

"நிர்வாகம் பிரித்து வைக்கும்போது எப்படிச் சேர்வது?" என்று எதிரணித் தம்பி உருக்கமாகக் கேட்டார். பக்கத்தில் கேரளாவைப் பாருங்கள் தம்பி. சர்டிபிகேட்டை வாங்கிப் பூட்டி வைப்பது, இத்தனை வருடம் விலக மாட்டேன் என்று பாண்டு எழுதி வாங்குவது என்று அங்கே இருந்த தனியார் நிர்வாகங்கள் நம் ஊர் நிர்வாகங்களுக்குச் சளைத்தவை இல்லை. 2011-இல் திருச்சூரில் செவிலியர்கள் ஒரு சங்கமாகச் சேர்ந்தார்கள். அடுத்த வருடம் கோதமங்கலத்தில் மூன்று செவிலியர்கள் மருத்துவமனை மாடியில் ஏறி நின்று, குதித்துவிடுவோம் என்றார்கள். அந்த வழியை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன், ஆனால் அந்த நிலைக்குத் தள்ளப்பட்டிருந்தார்கள். சேர்த்தலையில் ஒரு மருத்துவமனை வாசலில் மாதக்கணக்கில் போராட்டம் நடந்தது. கடைசியில் 2018 ஏப்ரல் 24 அன்று சேர்த்தலையிலிருந்து திருவனந்தபுரம் வரை நடந்தே வருகிறோம் என்று அறிவித்தார்கள். 23-ஆம் தேதி இரவே அரசு அறிவிப்பு வந்துவிட்டது: தனியார் மருத்துவமனைச் செவிலியருக்குக் குறைந்தபட்சச் சம்பளம் 20,000. செருப்பு வாங்கும் காசு மிச்சம்!

உச்ச நீதிமன்றம் சொல்லி மத்திய அரசு 2016-இல் அமைத்த குழுவும், 50 கட்டிலுக்குக் குறைந்த சின்ன மருத்துவமனையில்கூட 20,000-க்குக் குறையக் கூடாது என்றுதான் பரிந்துரைத்தது. கேரளாவுக்கு மட்டும் இல்லை, எல்லா மாநிலத்துக்கும். இந்த அரங்கில் தனியாரில் வேலை பார்க்கும் தங்கைகளில் அதை முழுதாகக் கையில் வாங்குகிறவர்கள் கை தூக்குங்கள் பார்ப்போம். சரி, இறக்கிவிடுங்கள், எண்ணுவதற்கு என் ஒரு கை விரல்களே அதிகம்.

ஒற்றுமை என்றால் கொடி பிடிப்பது மட்டும்தானா என்று நடுவர் அம்மா கேட்கலாம். இல்லை. மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் அருணா ஷான்பாக் என்ற செவிலியர் 1973 நவம்பரில் அங்கேயே வேலை பார்த்த ஒருவனால் தாக்கப்பட்டு நினைவிழந்தார். 2015 மே மாதம் இறக்கும் வரை அந்த மருத்துவமனைச் செவிலியர்கள்தான் அவரைக் குளிப்பாட்டினார்கள், ஊட்டினார்கள், திருப்பிப் படுக்கவைத்தார்கள். ஒரு நாளுக்கு மூன்று ஷிப்ட் என்று வைத்தால் 45,000 தடவைக்கு மேல் அவர் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு ஹேண்ட் ஓவர் ஆகியிருக்கிறார். படுக்கைப் புண் வரவில்லை. அவர் தாக்கப்பட்டபோது பிறந்தேயிராத பெண்கள்கூட அவரைக் கவனித்துக்கொண்டார்கள். அவரை அங்கிருந்து வேறு இடத்துக்கு மாற்ற மாநகராட்சி முயன்றபோது அதே செவிலியர்கள் போராடித் தடுத்தார்கள். அங்கேயும் நிர்வாகம் இருந்தது அம்மா. அங்கேயும் சீனியர், ஜூனியர், டிகிரி, டிப்ளமோ எல்லாம் இருந்திருக்கும். அருணாவின் அறைக்குள் போகும்போது அதை வெளியே விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்.

மணி அடித்துவிட்டீர்கள். இன்னும் இரண்டு பாயின்ட் வைத்திருந்தேன், போகட்டும். எனக்கு இன்றைக்கு நைட். இப்போது வார்டில் நிற்கிற பெண் ஒப்பந்தம், வீட்டில் கைக்குழந்தை. நான் போய் ஓவர் எடுத்தால்தான் அவள் கிளம்ப முடியும். தீர்ப்பை வாட்ஸ்அப்பில் போடுங்கள், பார்த்துக்கொள்கிறேன்.