பென்சில் குறி போட்ட இடம்

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணி அண்ணன்மாரே, அக்காமாரே, பொங்கல் வேலையை எல்லாம் முடித்துவிட்டு மடியில் பிள்ளையோடு இந்தத் தக்கலைத் திடலில் வந்து உட்கார்ந்திருக்கும் அம்மைமாரே, எல்லாருக்கும் வணக்கம்.

பெண்ணியத்தை எதிர்ப்பவர்கள் அஞ்சுவது குடும்பம் சிதையும் என்றா, அதிகாரம் கைமாறும் என்றா? இதுதான் தலைப்பு. அதிகாரம் கைமாறும் என்றுதான் அஞ்சுகிறார்கள் என்று நான் வாதாட வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய அண்ணன் உருக்கமாகப் பேசினார். வீட்டுச் சாவி பெண்ணின் இடுப்பில்தானே இருக்கிறது, இதைவிட என்ன அதிகாரம் வேண்டும் என்றார். அவள் வெளியே இறங்கிவிட்டால் வீட்டில் விளக்கேற்ற ஆள் ஏது என்றார். அவருடைய அம்மையைப் பற்றிச் சொன்னபோது எனக்கும் கண் கலங்கியது.

ஆனால் அண்ணே, நம்ம குமரி மாவட்டத்தில் பெண் எப்போது வீட்டுக்குள்ளேயே இருந்தாள்? விடியுமுன்னே குளச்சலிலும் முட்டத்திலும் கடவத்தை, அந்தப் பெரிய ஓலைக் கூடையைத் தலையில் ஏற்றி மீன் விற்கப் புறப்படுகிறவள் யார்? எங்கள் பக்கத்து வீட்டு அக்கா அண்டி ஆபீசில், அதாவது முந்திரி ஆலையில், தோடு உடைக்கிறவர். அந்த விரல்களைக் கிட்டத்தில் பார்த்திருக்கிறீர்களா? தோட்டெண்ணெய் பட்டுப்பட்டு நுனியெல்லாம் கறுத்து, தோல் உரிந்து, ரேகையே தெரியாது. குழம்பு ஊற்றிச் சோறு பிசைந்தால் எரியும் என்று ராத்திரி கரண்டியால்தான் சாப்பிடுவார். காலையில் போனால் இருட்டித்தான் வருவார். குடும்பம் சிதைகிறது என்று அந்த அண்டி ஆபீஸ் வாசலில் நின்று யாராவது ஒரு நாள் முழங்கியதுண்டா? அதே அக்கா கூலி கூட்டிக் கேட்டு எழுந்தபோதுதான், "குடும்பப் பொம்பளைக்கு இது அழகா" என்றார்கள். உழைப்புக்கு வராத தடை கேள்விக்கு வந்தது.

இது இன்று நேற்றுக் கதையும் இல்லை. 1822-ல் கல்குளம், இரணியல் வட்டாரத்தில் தொடங்கி 1859 வரை விட்டுவிட்டு எரிந்ததே, நாடார் பெண்கள் மார்பை மறைத்து மேல்சீலை போடும் உரிமைக்கான தோள்சீலைப் போராட்டம், அது இந்த மண்ணில் நடந்ததுதான். மேல்சீலை போட்ட நாடார் பெண்களைச் சந்தையில் மறித்துச் சீலையைக் கிழித்தார்கள். பள்ளிக்கூடத்துக்கும் சபைக் கூடத்துக்கும் தீ வைத்தார்கள். ஒரு முழத் துணியால் யாருடைய குடும்பம் சிதைந்தது? அந்தத் துணி "நானும் உனக்குச் சமம்" என்று சொன்னது, அதுதான் பொறுக்கவில்லை. மதராஸ் கவர்னர் சார்லஸ் டிரெவெலியன் நெருக்கிய பிறகு, 1859 ஜூலை 26-ல், அப்போது நம்ம பகுதியை ஆண்ட திருவிதாங்கூர் அரசு இறங்கிவந்தது. அந்த அறிவிப்பையும் பாருங்கள். எப்படி வேண்டுமானாலும் மறைத்துக்கொள்ளலாம், மேல்சாதிப் பெண்கள் உடுத்துகிற மாதிரி மட்டும் கூடாது என்றது. மானம் காத்துக்கொள், சமமாக வராதே!

எதிரணி அக்கா ஒரு கேள்வி கேட்டார், அதை நான் தாண்டிப் போக மாட்டேன். 1829-ல் மேல்சீலையை மறுத்து ஆணை வந்தபோது ஆண்டுகொண்டிருந்தது ராணி கௌரி பார்வதி பாய், அவரும் ஒரு பெண்தானே, பெண் கையில் அதிகாரம் வந்து பெண்ணுக்கு என்ன கிடைத்தது என்றார். உண்மைதான் அக்கா. அரண்மனைக்குள் ஒரு பெண் இளவரசருக்காக அரியணையைக் காத்துக்கொண்டிருந்தார். சந்தையில் சீலை கிழிபட்டவளுக்கு அங்கே வாசல்படிகூட இல்லை. அதனால்தான் ஒரு பெண் போதாது, எல்லா ஊரிலிருந்தும் எல்லாச் சாதியிலிருந்தும் பெண்கள் வேண்டும் என்கிறோம்.

அப்படி ஒருவர் வந்தார். நம்ம கடற்கரைப் பெண் லூர்தம்மாள் சைமன். 1957-ல் குளச்சலில் ஜெயித்து, காமராசர் அமைச்சரவையில் மொத்தம் 8 பேரில் ஒருவராக உட்கார்ந்தார். உள்ளாட்சியும் மீன்வளமும் அவர் கையில். கடவம் சுமக்கிறவளின் கஷ்டம் தெரிந்தவர் கையில் மீன்வளத் துறை! அதற்குப் பிறகு நாம் எவ்வளவு தூரம் போயிருக்க வேண்டும்? 2021-ல் சட்டமன்றத்தின் 234 பேரில் பெண்கள் 12 பேர். 2011 கணக்கெடுப்பில் படிப்பறிவில் தமிழ்நாட்டிலேயே முதலிடம் நம்ம மாவட்டம். பெண்ணைப் படிக்க வைத்தோம். நாற்காலி என்று வரும்போது தகுதியான பெண் கிடைக்கவில்லை என்கிறோம்.

டெல்லியில் என்ன நடந்தது? மகளிர் ஒதுக்கீட்டு மசோதா முதலில் வந்தது 1996-ல். 1998-ல் அவைக்குள்ளேயே அதன் தாளைப் பறித்துக் கிழித்தார்கள். பிற்பட்ட வகுப்புப் பெண்களுக்கு உள் ஒதுக்கீடு எங்கே என்று கேட்டார்கள், அந்தக் கேள்வியில் நியாயம் உண்டு என்பேன். ஆனால் நியாயம் கேட்கிறவர் திருத்தம் எழுதித் தருவார், தாளைக் கிழிக்க மாட்டார். 2023-ல் மக்களவையில் 454 பேர் ஆதரவு, 2 பேர் எதிர்ப்பு. இவ்வளவு ஒற்றுமைக்கு 27 வருஷம். அப்போதும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு முடிந்து, தொகுதி மறுவரையறையும் முடிந்த பிறகுதான் நடைமுறை என்று எழுதினார்கள்.

ஆண்களுக்கும் வேதனை இருக்கிறது, பொய் வழக்கில் அலைகிறவர்கள் உண்டு என்றார் எதிரணி. உண்டு. ஒக்கிப் புயலில் மகனையும் மாப்பிள்ளையையும் கடலுக்குக் கொடுத்து, 2017 டிசம்பரில் குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் போய் உட்கார்ந்த பெண்கள், காணாமல்போன ஆண்களுக்காகத்தான் உட்கார்ந்தார்கள். அதிகாரம் கேட்கிற பெண் ஆணுக்கு எதிரி என்று எந்த வாயால் சொல்வது?

மணி அடித்துவிட்டார் நடுவர். ஒரே ஒரு நிமிஷம். என் சித்தி கதையைச் சொல்லி முடிக்கிறேன்.

1996 உள்ளாட்சித் தேர்தலில் பெண்களுக்கான வார்டில் சித்தியை நிறுத்தினார்கள், ஜெயித்தாள். கூட்டத்துக்குப் போவாள். தீர்மானப் புத்தகம் வரும். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு சின்னப் பெருக்கல் குறி முன்கூட்டியே போட்டு வைத்திருப்பார்கள். மேலே என்ன எழுதியிருக்கிறது என்று படிக்க நேரம் கிடையாது. "நீங்க கையெழுத்து போடுங்க, மத்ததெல்லாம் நாங்க பாத்துக்கிடுவோம்." நாலு வருஷம் அந்தக் குறியின் மேலேயே போட்டாள். மாதம் ஒரு நாள் சமையலை விட்டுவிட்டு ஓடினாள், பிள்ளைகளை எங்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போனாள். யாரும் ஒன்றும் சொன்னதில்லை.

ஒரு நாள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அந்தப் பக்கத்தைப் படித்தாள். படித்துவிட்டுக் கேட்டாள்: "இந்தப் பைப்பு எங்க போட்டிருக்கு? எனக்க வார்டுல நான் பாக்கலியே?"

அந்த வாரமே மூன்று பேர் வீட்டுக்கு வந்து, திண்ணையில் உட்கார்ந்து, சித்தப்பாவிடம் பேசினார்கள். நான் காப்பி கொண்டுபோய்க் கொடுத்தேன், அதனால் கேட்டது. "அடுத்த தேர்தலுக்கு அவங்க வேண்டாம். பிள்ளைகள் படிக்கிற வயசு பாருங்க, குடும்பம்தானே முக்கியம்" என்றார்கள்.

நாலு வருஷம் இந்தக் குடும்பம் அவர்கள் கண்ணில் படவில்லை. சித்தி அந்தப் பக்கத்தைப் படித்த பிறகுதான் பட்டது. தீர்ப்பு உங்கள் கையில், நடுவர் அவர்களே.