மாத்திரை காக்கும் பாட்டு

பெரியவர்களுக்கும் தாய்மார்களுக்கும், பண்ணிசை கற்க வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

தமிழிசை என்றாலே பேச்சு சீர்காழிக்கும் தஞ்சைக்கும் போய்விடுகிறது. அந்த மண்ணுக்கு அந்தப் பெருமை உரியதுதான். ஆனால் ஈரோட்டிலிருந்து காங்கயம் போகிற வழியில் அறச்சலூர் இருக்கிறது. அங்கே நாகமலைக் குகைத்தளத்தில் தமிழ்ப் பிராமி எழுத்தில் ஐந்து வரி வெட்டியிருக்கிறார்கள். கொங்கின் வரலாற்றுக்கே உழைத்த புலவர் செ. இராசு அதை உலகறியச் செய்தார். முதல் வரி ‘த தை தா தை த’. இரண்டாம் வரி ‘தை தா தே தா தை’. வரிக்கு ஐந்து, மொத்தம் இருபத்தைந்து எழுத்து. இடமிருந்து வலம், வலமிருந்து இடம், மேலிருந்து கீழ், கீழிருந்து மேல் என்று எப்படிப் படித்தாலும் அதே கட்டு வரும். பக்கத்திலேயே ‘எழுத்தும் புணருத்தான்’ என்று சொல்லி, வண்ணக்கன் தேவன் சாத்தன் தன் பெயரைப் பொறித்திருக்கிறான். வண்ணக்கன் என்றால் பொன்னும் காசும் நோட்டம் பார்ப்பவன். காலத்தை கி.பி. 2ஆம் நூற்றாண்டு என்பாரும் உண்டு, 4ஆம் நூற்றாண்டு என்பாரும் உண்டு. எப்படிப் பார்த்தாலும் தேவாரத்துக்கு முந்தியது. ஆடலுக்கும் தாளத்துக்கும் உரிய சொற்கட்டை எழுத்தாக்கிக் கல்லிலே வைத்த நாடு இது.

அடியார்க்கு நல்லாரும் நம்மவர்தான். விசயமங்கலம் பக்கத்து நிரம்பைக்காரர். சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதைக்கு அவர் எழுதிய உரை இல்லாவிட்டால் பேரியாழுக்கு 21 நரம்பு, செங்கோட்டியாழுக்கு 7 நரம்பு என்பதெல்லாம் நமக்கு எங்கே தெரியப்போகிறது? 1892இல் உ.வே.சா. அந்த உரையைப் பதிப்பித்த பிறகுதான் தமிழிசை ஆராய்ச்சிக்கே தளம் கிடைத்தது. சிலப்பதிகாரத்தின் இன்னொரு காதையான கானல்வரிக்கு அடியார்க்கு நல்லார் உரை கிடைக்கவில்லை. அந்த இழப்பை எதைக் கொண்டும் ஈடுகட்ட முடியாது. அவர் மேற்கோள் காட்டிய நூல்களில் ஒன்று அறிவனார் செய்த பஞ்சமரபு என்ற இசை நூல். அழிந்தே போனது என்று எண்ணியிருந்த அந்த நூலின் சுவடியைக் கண்டெடுத்து 1973இல் அச்சேற்றியவர் வே.ரா. தெய்வசிகாமணிக் கவுண்டர். அவரும் கொங்கு மண்ணின் மைந்தர்.

சரி, இத்தனை பேரும் கட்டிக்காத்தது எதை? ராகப் பெயர்களையா? இல்லை. எழுத்துக்கும் இசைக்கும் நடுவே நிற்கிற அளவை. அதற்கு மாத்திரை என்று பெயர்.

குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, ஒற்றுக்கு அரை. இது பேச்சுக்கு உரிய கணக்கு. பாட்டில் இந்தக் கணக்கைத் தாண்டலாம் என்று தொல்காப்பியரே நூன்மரபில் இடம் தருகிறார்: ‘அளபிறந்து உயிர்த்தலும் ஒற்றிசை நீடலும்’ இசையோடு பொருந்திய இடத்தில் உண்டு என்கிறார். உயிரும் நீளும், ஒற்றும் நீளும். ஆனால் எல்லா ஒற்றும் நீளாது. ங், ஞ், ண், ந், ம், ன், வ், ய், ல், ள், இவற்றோடு ஆய்தம், அவ்வளவுதான் அளபெடுக்கும். க், ச், ட், த், ப், ற் ஆறையும் இழுக்கவே முடியாது. வாய்க்குள் காற்று அடைபட்டு நின்றுவிடும். ஏழிசைக்கு ஆ, ஈ, ஊ, ஏ, ஐ, ஓ, ஔ என்று ஏழு நெட்டெழுத்துகளை முன்னோர் குறியீடாக வைத்ததும் இந்த அறிவோடுதான்.

பழநித் திருப்புகழை எடுத்துக்கொள்வோம். ‘நாத விந்துக லாதீ நமோநம’. சந்தம், அதாவது அதன் ஓசை அச்சு, ‘தான தந்தன தானா தனாதன’. சந்தக் கணக்கில் குறிலோடு ஒற்றுச் சேர்ந்தால் இரண்டு. கை தட்டி எண்ணிப் பாருங்கள்: நாத மூன்று, விந்துக நான்கு, லாதீ நான்கு, நமோநம ஐந்து. ஆக 16. அடுத்து ‘வேத மந்த்ரசொ ரூபா நமோநம’, அதுவும் 16. ‘ஞான பண்டித ஸாமீ நமோநம’, அதுவும் 16. பாடும்போது நம் பிள்ளைகள் பேச்சு வழக்கில் ‘சாமி’ என்று குறுக்கிவிடுகிறார்கள். ஒரு மாத்திரை போயிற்று, 15 ஆயிற்று. தாளம் போடுகிறவர் காத்திருக்க, பாடுகிறவர் முந்தி ஓடுகிறார். பிறகு அதைச் சரிக்கட்ட ‘நமோ’வை இழுக்கிறார்கள், அங்கே இன்னொரு ஓட்டை விழுகிறது. ‘விந்துக’ என்ற இடத்தில் மூச்சு வாங்குவதும் தவறு. அது சந்தத்துக்காகப் பிரித்த இடம். பொருள் ‘விந்து, கலாதீ’ என்றல்லவா போகிறது? ‘நமோநம’ முடிந்த பிறகு மூச்செடுங்கள். வள்ளி கும்மி ஆடுகிறவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கவே வேண்டாம். எழுத்துக் குறைந்தால் அடவு இடறும், கால் உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

கொங்கேழ் தலங்களுக்கும், அதாவது தேவாரம் பெற்ற கொங்கு நாட்டு ஏழு சிவத்தலங்களுக்கும், பண் வகுத்துத்தான் பதிகம் இருக்கிறது. அவிநாசிக்குக் குறிஞ்சி, பவானித் திருநணாவுக்குக் காந்தாரம், திருச்செங்கோட்டுக்கு வியாழக்குறிஞ்சி. கொடுமுடிக்குச் சுந்தரர் பாடியது பழம்பஞ்சுரம். அந்தப் பண்ணை ஓதுவார்கள் இன்று சங்கராபரணத்தில் பாடுகிறார்கள். ராகம் எளிது. கடினம் எழுத்திலே இருக்கிறது.

அந்தக் கொடுமுடிப் பதிகம் இப்படித் தொடங்குகிறது: ‘மற்றுப் பற்றெனக் கின்றி நின்திருப் பாதமே மனம் பாவித்தேன்’. எடுத்த எடுப்பிலேயே றகர வல்லெழுத்து. நீட்ட இடமில்லாததால் பலர் மகரத்தை அகலத் திறந்து ‘மாற்று’ என்று பாடிவிடுகிறார்கள். வேறு பற்று இல்லை என்று சுந்தரர் சொன்னது அங்கே அடிபட்டுப் போகிறது. ‘மற்றுப் பற்று’ இரண்டையும் சிக்கென்று சொல்லிக் கடந்துவிடுங்கள். ‘இன்றி’யில் னகரம் இருக்கிறது, அங்கே கொஞ்சம் நிற்கலாம். ‘பாதமே’ என்ற ஏகாரம் முழுக்க உங்களுடையது. கார்வை, அதாவது நீட்டி நிற்பது, எவ்வளவு வேண்டுமோ அங்கே வையுங்கள்.

பயிற்சிக்கு முதல் நாள் சுரமே வேண்டாம். பாட்டை உரைநடையாகப் பதம் பிரித்துப் படியுங்கள். பிறகு தட்டிக்கொண்டு எழுத்தை மட்டும் சொல்லுங்கள். குறிலும் நெடிலும் நாவில் படிந்த பிறகு சுருதி சேருங்கள். இந்தக் கொடுமுடிப் பாட்டின் கடைசி அடி ‘சொல்லும்நா நமச்சி வாயவே’ என்று முடிகிறது. ‘நா’வை இரண்டு மாத்திரை நிறைவாக ஒலித்துவிட்டு, ‘நமச்சி’யை ஒரு தெளிவான புது எடுப்பாகத் தொடங்குங்கள். ஒட்டிப் பாடினால் ‘நானமச்சி’ என்று காதில் விழுகிறது; ‘நான் மறக்கினும் சொல்லும் நா’ என்று சுந்தரர் சொன்ன அந்த நா அங்கே கேட்காமலே போய்விடுகிறது.